கொத்தமல்லி வாசனையும் ஏர் பிரேக் சத்தமும்: மனக்காயம் என்றால் என்ன?

என் அத்தை நெடுநாள் ரசத்தில் கொத்தமல்லி போடாமலே சமைத்தார். காரணம் கேட்டால் "பிடிக்கலப்பா" என்பார். அதற்கு முன்பு வரை கொத்தமல்லிக் கட்டை சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுத்தான் குடும்பம் நடத்தினார்.

ஒரு மழைநாள் காலையில் அவர் போன டவுன் பஸ் வாய்க்கால் பாலத்தில் கவிழ்ந்தது. கையில் எலும்பு முறிவு, நெற்றியில் நான்கு தையல். பக்கத்து சீட்டில் இருந்த பெண் பிழைக்கவில்லை. மடியில் இருந்த கொத்தமல்லிக் கட்டு நசுங்கி, அந்த வாசனையும் டீசல் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியதாக அத்தை பிறகு சொன்னார். இரண்டு மாதத்தில் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், கை சரியாகிவிட்டது. ஆனால் நாலைந்து மாதம் கழித்தும் தெருவில் பஸ் நின்று ஏர் பிரேக் 'உஸ்ஸ்' என்று சத்தம் போட்டால், எந்த வேலையில் இருந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் இருப்பார். பேரப்பிள்ளை பின்னால் வந்து தொட்டால் அலறுவார்.

வீட்டில் பயந்த கோளாறு என்றார்கள். மந்திரித்தார்கள், தாயத்து கட்டினார்கள். "அதான் கை சரியாயிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டவர்களும் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதை அவரிடம் கேட்டிருக்கவே கூடாது என்று புரிந்தது.

சரி, சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். 'ட்ராமா' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் அரசு மருத்துவமனையில், விபத்தில் அடிபட்டவர்களைச் சேர்க்கும் வார்டின் பலகையில் பார்த்திருப்போம். கிரேக்கத்தில் அதற்குக் காயம் என்று பொருள். உடம்பில் படும் அடிக்கு இருந்த அந்தச் சொல்லை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனதில் படும் அடிக்கும் சொல்லத் தொடங்கினார்கள். தமிழில் மனக்காயம் எனலாம். இலங்கைத் தமிழ் மருத்துவர்கள் மனவடு என்கிறார்கள். புண் ஆறின பிறகும் நிற்கும் தழும்பைச் சொல்வதால் அது இன்னும் பொருத்தமான சொல் என்று எனக்குத் தோன்றும்.

எல்லாத் துக்கமும் மனக்காயம் ஆகாது. பரீட்சையில் தோற்பதும் காதல் முறிவதும் வலிக்கும்தான். ஆனால் மருத்துவர்கள் இந்தச் சொல்லால் குறிப்பது வேறு: உயிருக்கு ஆபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை. இவை நமக்கே நடந்திருக்கலாம், கண்ணெதிரே வேறொருவருக்கு நடந்திருக்கலாம், நெருங்கியவருக்கு நடந்ததாகச் செய்தி வந்திருக்கலாம். இப்போது சின்ன எரிச்சலுக்கெல்லாம் ட்ராமா என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் நிஜமாகவே தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்லதல்ல.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளையில் பாதாம் பருப்பு வடிவத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தெரிந்ததும் மணி அடிப்பது அதன் வேலை. மணி அடித்தவுடன் அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, கை கால் தசைகளுக்கு ரத்தம் ஓடுகிறது. யோசித்துச் செய்வதில்லை இது. பாம்பு மாதிரி ஏதோ தெரிந்ததும் கால் பின்னால் போய்விடுகிறதே, அதற்குப் பிறகுதானே அது கயிறு என்று தெரிகிறது!

ஓடுவது, எதிர்த்து நிற்பது இரண்டும் நமக்குத் தெரிந்தவை. மூன்றாவது ஒன்றும் உண்டு: உறைந்துபோவது. ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது என்ற நிலையில் உடம்பு அசைவற்றுப் போகும், குரல் வராது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் வீட்டிலும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் "ஏன் கத்தல? ஏன் தள்ளிவிடல?" என்று கேட்கிறார்கள். கத்தாமல் இருந்தது அவள் முடிவு அல்ல. உடம்பு தானாக எடுத்த பாதுகாப்பு அது. இந்த ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் எத்தனையோ பெண்கள் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு வாழ வேண்டியிருக்காது.

அமிக்டலாவுக்குப் பக்கத்திலேயே ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. எது எங்கே, எப்போது நடந்தது என்று தேதி போட்டு அடுக்கி வைப்பது இது. பேராபத்தின் நடுவில் இந்த அடுக்கும் வேலை கெட்டுவிடுகிறது. நினைவு ஒரு கதையாகச் சேராமல் வாசனை, சத்தம், வெளிச்சம் என்று துண்டு துண்டாகத் தங்குகிறது. அந்தத் துண்டுகளுக்குத் தேதி கிடையாது. அதனால்தான் கொத்தமல்லி வாசனை வந்ததும் அத்தைக்கு 'அன்றைக்கு நடந்தது' நினைவுக்கு வரவில்லை, அது இப்போது நடந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி, "பயப்படாதே, வெறும் பஸ் சத்தம்தான்" என்று மணியை நிறுத்த வேண்டும். காயம்பட்ட மனதில் அந்தக் குரல் பலவீனமாகிவிடுகிறது.

இதிலிருந்து வரும் தொந்தரவுகளை மருத்துவர்கள் நான்கு விதமாகப் பார்க்கிறார்கள். கெட்ட கனவாகவோ, பட்டப்பகலிலோ அந்தச் சம்பவம் திரும்பத் திரும்ப வருவது ஒன்று. அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது இரண்டாவது. மனசு மரத்துப்போய், 'என்மேல்தான் தப்பு', 'இனி யாரையும் நம்ப முடியாது' என்று இறுகிவிடுவது மூன்றாவது. நான்காவது எப்போதும் உஷாராகவே இருப்பது: தூக்கமின்மை, திடுக்கிடல், சள்ளென்று கோபம். வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கோபம் மட்டும்தான் கண்ணில் படும்.

முதல் சில வாரம் இதெல்லாம் யாருக்கும் வரலாம், நோய் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவையும் கெடுத்தால்தான் பி.டி.எஸ்.டி. என்பார்கள், அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படியொரு சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் இந்த நோய் வருவது 5.6 சதவீதம் பேருக்குத்தான். பெரும்பாலானவர்கள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். இது ஆறுதலான எண்தான், ஆனால் இதையே வைத்து "எல்லாரும் தேறிட்டாங்க, உனக்கென்ன?" என்று கேட்டுவிடக் கூடாது. காய்ச்சல் எல்லோருக்கும் நிமோனியாவாக மாறுவதில்லை என்பதற்காக நிமோனியா வந்தவரைத் திட்டுவோமா?

இந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கவே வெகுகாலம் ஆனது. முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்துக்குப் பிறகு நடுங்கிக்கொண்டு வந்த சிப்பாய்களைப் பற்றி 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். 'ஷெல் ஷாக்' என்ற பெயர் அப்போது பரவியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்காகப் போராடிய மருத்துவர்களும் விடாமல் கேட்ட பிறகு, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. இடம்பெற்றது. அப்புறம்தான் வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்கள், வன்முறையில் வளரும் குழந்தைகள் பக்கம் ஆராய்ச்சி முழுமையாகத் திரும்பியது.

யாருக்கு எப்படி?

எந்த மாதிரிச் சம்பவம் என்பது மிகவும் முக்கியம். விபத்தையும் இயற்கைச் சீற்றத்தையும்விட, இன்னொரு மனிதர் வேண்டுமென்றே செய்த கொடுமை ஆழமாகப் பதிகிறது. பாலியல் வன்முறைக்குப் பிறகு பி.டி.எஸ்.டி. வரும் வாய்ப்பு மற்ற பெரும்பாலான சம்பவங்களையும்விட அதிகம். மொத்தத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. பெண்கள் பலவீனமானவர்கள் என்பது இதற்குக் காரணம் இல்லை. அவர்கள்மீது நடப்பது எந்த வகை வன்முறை, அதை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதெல்லாம் இதில் சேர்ந்திருக்கிறது. தினம் அதே வீட்டில், அதே ஆளோடு இருக்க வேண்டியவளுக்கு ஆபத்து முடியவே இல்லை. வருடக்கணக்கில் நீளும் இப்படிப்பட்ட கொடுமையால் தன்னைப் பற்றிய எண்ணமும், உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவதும், உறவுகளும் சேர்ந்தே சிதைவதை 'சிக்கலான பி.டி.எஸ்.டி.' என்று உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப் பட்டியல் தனியாகக் குறிக்கிறது.

குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது, அதனால் நடந்துகாட்டுவார்கள். படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்கும். அம்மா கொல்லைக்குப் போனால்கூட முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப விளையாடும், அதில் சிரிப்பு இருக்காது. 1995 முதல் 1997 வரை அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அன்டா ஆகிய மருத்துவர்கள் சுமார் 17,000 பெரியவர்களிடம் சிறுவயதில் அடி, பாலியல் தொல்லை, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது போன்றவை நடந்தனவா என்று கேட்டு ஆராய்ந்தார்கள். இப்படிப்பட்ட அனுபவங்களின் எண்ணிக்கை கூடக் கூட, பெரியவர்களான பிறகு மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி மட்டுமின்றி இதய நோயும் கூடுவது தெரிந்தது. சிறுவயதுக் காயம் மனதோடு நிற்பதில்லை, உடம்பிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நமக்கு நெருக்கமான இரண்டு பேரழிவுகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுனாமி அலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மீனவக் குடும்பங்களுக்குக் கடல் அதுவரை அம்மா, சோறு போட்டவள். அந்த அம்மாவே பிள்ளையை வாரிக்கொண்டு போனால் யாரிடம் போய் அழுவது? கையில் பிடித்திருந்த பிள்ளை அலையில் நழுவிப் போனதை நினைத்து, 'நான் விட்டுட்டேனே' என்று புலம்பிய தாய்மார்களின் குற்ற உணர்ச்சியை எந்த நிவாரணத் தொகையும் தீர்க்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பிறகு பிள்ளைகளை இழந்த பெண்கள், மறுபடி குழந்தை பெறுவதற்கான அறுவைச் சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. அரசு கோப்பில் அது ஒரு உதவித் திட்டம். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சிக்கலான துக்கம் என்று நினைத்துப் பாருங்கள். ஆண்களின் துக்கம் பல இடங்களில் குடியாக மாறியது. ஏழு வருடம் கழித்து, 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே மறுபடி பெரிய நிலநடுக்கம் வந்து எச்சரிக்கை விட்டபோது, தமிழகக் கடலோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஓடியது சரிதான். அலை வராமல் போன பிறகும் பலருக்குத் தூக்கம் வந்திருக்காது.

இன்னொன்று இலங்கையின் வடக்கு. போர் முடிந்த 2009-இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2011-இல் வெளியானது. பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் 7 சதவீதம் பேருக்கு, மனச்சோர்வு 22.2 சதவீதம் பேருக்கு, பதற்றம் 32.6 சதவீதம் பேருக்கு இருந்தன. அப்போதும் முகாமில் இருந்தவர்களிடம் எல்லாமே கூடுதல். இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். மனக்காயம் என்றதும் நாம் பி.டி.எஸ்.டி.யை மட்டும் தேடுகிறோம், ஆனால் அது அதிகமாக எட்டிப் பார்ப்பது மனச்சோர்வாகவும் பதற்றமாகவும்தான். எங்கள் பக்கம் போலவே அங்கேயும் பலர் மருத்துவரிடம் "மனசு சரியில்ல" என்று சொல்வதில்லை. தலையிடி, நாரி நோ (இடுப்பு வலி), நெஞ்சுப் படபடப்பு, பெருமூச்சு, ஒரே யோசனை என்றுதான் சொல்வார்கள். உடம்பு வழியாகப் பேசுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் போர்க் காலத்தில் பல வருடங்கள் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதில் இன்னொரு படி மேலே போனார். ஒருவருக்கு மட்டுமல்லாமல் சமூகத்துக்கே வடு விழுகிறது என்றார். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த ஊரில் அயலவரை நம்புவது போய்விடும். வாய்விட்டுப் பேசும் வழக்கம் போய்விடும். கோயில் திருவிழா, செத்த வீட்டுச் சடங்கு, பெரியவர்கள் வந்து சமாதானம் பேசுவது என்று துக்கத்தைத் தாங்கிப் பிடித்த தூண்களே சரிந்துவிடும். இதைக் கூட்டு மனவடு என்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களை எந்தப் பட்டியலிலும் சுலபமாக அடக்க முடியாது. இறந்தது உறுதியானால் அழுது, காரியம் செய்து, வருடா வருடம் திதி கொடுக்கலாம். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதபோது திதி கொடுப்பது மகனைத் தானே சாகடிப்பதுபோல் இருக்கும். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று ஒரு மனைவி தினமும் கண்ணாடி முன் முடிவெடுக்க வேண்டும். வியட்நாமில் காணாமல்போன சிப்பாய்களின் குடும்பங்களோடு பழகிய பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை 'தெளிவில்லாத இழப்பு' என்றார். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்த தாய்மார்கள் கேட்டது ஒரு பதிலைத்தான். இங்கே உண்மையைச் சொல்வதும் சிகிச்சையின் பகுதி.

ஊரை விட்டுப் போனவர்களுக்கும் விமானம் ஏறியதோடு இது முடிவதில்லை. ஆஸ்திரேலியாவில் இலங்கைத் தமிழர்களிடம் 1990-களில் நடந்த ஆய்வில், போரில் பட்டதோடு, தஞ்சம் கிடைக்குமா என்ற காத்திருப்பும் குடும்பத்தைப் பிரிந்திருப்பதும் வந்த இடத்துச் சிரமங்களும் அறிகுறிகளைக் கூட்டுவது தெரிந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள், பிணவறையில் வேலை செய்பவர்கள் ஆகியோர் மற்றவர்களின் பேரிழப்பைத் தினம் கையால் தொடுகிறார்கள். அவர்களுக்கும் இந்த நோய் வரும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. "உங்களுக்குப் பழகியிருக்குமே" என்று அவர்களிடம் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி.

எது உதவும்?

முதல் நாட்களில் செய்ய வேண்டியது எளிமையானது. பார், கேள், இணை என்று மூன்று சொல்லில் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பாக இருக்கிறாரா, தண்ணீர், சாப்பாடு, மாற்றுத் துணி இருக்கிறதா என்று பார்ப்பது. அவர் பேசினால் குறுக்கிடாமல் கேட்பது. உறவினர், மருத்துவமனை, நிவாரணம் என்று வேண்டிய இடத்தோடு இணைத்துவிடுவது. "என்ன நடந்தது, ஒண்ணு விடாம சொல்லு" என்று தோண்டக் கூடாது. சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் ஒருமுறை உட்காரவைத்து முழுக்கச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது. தூக்கமில்லை என்று முதல் மாதத்திலேயே தூக்க மாத்திரை போட்டுக்கொள்வதும் நல்லதல்ல. சாராயம் சொல்லவே வேண்டாம்.

ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் முறையான சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தருகிறது. பெரும்பாலும் பேச்சு வழி. பயிற்சி பெற்ற உளவியலாளர் துணையோடு, பாதுகாப்பான அறையில், சிதறிக் கிடக்கும் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, முதல், நடு, முடிவு உள்ள கதையாகக் கோப்பது. அப்போதுதான் அது 'நடந்து முடிந்த' கதையாகும். சில மருத்துவர்கள் கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையைக் கையாள்கிறார்கள். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உண்டு. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 31 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு இப்படிக் கதையாகச் சொல்லும் முறை, இன்னொரு குழுவுக்கு தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டிலும் பெரும்பாலான குழந்தைகள் தேறினார்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தே இதைச் செய்ய முடிந்தது என்பது எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை.

அத்தைக்கும் இப்படித்தான் நடந்தது. அரசு மருத்துவமனை உளவியலாளர் முதலில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது வாரம் ஒரு கொத்தமல்லி இலையைக் காகிதத்தில் மடித்து மேசைமேல் வைத்தார், தொடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் கையில். அதற்கடுத்து மகளோடு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பத்து நிமிடம். பிறகு நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் ஏறி இறங்குவது. ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப். ஒரு நாள் நடுவழியில் அழுதுகொண்டே இறங்கிவிட்டார், மறுவாரம் மறுபடி போனார். பக்கத்து சீட்டுப் பெண்ணைப் பற்றி ஏழாவது முறைதான் வாய் திறந்தார். அந்த அம்மா தன்னிடம் பத்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டாள் என்று சொல்லி வெகுநேரம் அழுதாராம். இப்போது ரசத்தில் கொத்தமல்லி போடுகிறார். ஜன்னலோர சீட்டில் மட்டும் இன்னும் உட்காருவதில்லை.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104 உண்டு. இலங்கையில் 1926. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதென்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றைக்கே கூப்பிடுங்கள், அந்த எண்ணம் வந்தவரைத் தனியாக விடாதீர்கள். அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது தூக்கமில்லை, தலைவலி என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். எப்போதிலிருந்து, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தை முதல் இரண்டு முறை தலைவலி என்று மட்டும்தான் சொன்னார், தலைவலி மாத்திரைதான் கொடுத்தார்கள். மூன்றாவது முறை கூடப் போன மகள்தான், "பஸ் கவுந்ததுக்கு அப்புறம்தான் டாக்டர் அம்மாவுக்கு இப்படி" என்றாள்.